திவ்யா வாங்கிய பழைய காரும் அதன் இடது பக்கக் கதவும்

1

கார்த்தி, நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். "அப்பா, ஓசூர்ல பழைய கார் ஒண்ணு பார்க்கலாம்னு இருக்கேன். போன வருஷம் அக்கா கார் வாங்கினப்ப என்னென்ன பார்க்கச் சொன்னீங்களோ, அதைப் பாயிண்ட் பாயிண்ட்டா எழுதி அனுப்புங்க. சுருக்கமா." அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் அழுத்திச் சொல்லியிருந்தாய்.

எனக்குச் சுருக்கமாக எழுத வராது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பேசுகிற மாதிரிதான் எழுதுவேன். நான் நீளமாக அனுப்பினால் வழக்கம்போல ஒரு கட்டைவிரல் படத்தை மட்டும் பதிலுக்கு அனுப்பிவிடாதே. உட்கார்ந்து படி. உன் அக்கா திவ்யாவும் படிக்கட்டும். நம் ஊரில் பழைய கார் வாங்க நினைக்கிற வேறு யார் கையில் கிடைத்தாலும் அவர்களுக்கும் உதவட்டும் என்று முதலிலிருந்தே சொல்கிறேன்.

நான் மஸ்கட்டில் ஒரு வாடகைக் கார் கம்பெனியின் யார்டில் வேலை பார்க்கிறேன். வாடகைக்குப் போன வண்டி திரும்பி வந்ததும், அதைச் சுற்றி வந்து எங்கே கீறல், எங்கே நெளிசல் என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை. மெக்கானிக் என்று என்னை நினைத்துவிடாதே. என்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்பது பாதிதான் தெரியும். வெளியே பட்ட அடியைக் கண்டுபிடிக்கத் தெரியும்.

திவ்யாவின் கார் நம் வீட்டுக்கு வந்து போன மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. அதனால் நீ கேட்காவிட்டாலும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2

போன வருடம் திவ்யாவுக்குத் துறையூரில் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன் வேலை கிடைத்தது. நம் வீடு ஸ்ரீரங்கத்தில். கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி, மண்ணச்சநல்லூர் வழியாகப் போய் வரவேண்டும். ஸ்கூட்டரில் போய் வந்தாள். ஒருநாள் இருட்டியபின் திரும்பும்போது, கரும்பு ஏற்றிய டிராக்டருக்கு ஒதுங்கப்போய் வண்டி சறுக்கிவிட்டது.

"ஒண்ணுமில்லங்க, முட்டியில லேசா சிராய்ப்பு" என்று உங்கள் அம்மா செல்வி போனில் சொன்னாள். ஆனால் அடுத்த வாரமே பிடிவாதம் பிடிக்க ஆரம்பித்தாள். "நாலு சக்கரத்துல போறதா இருந்தா போகட்டும். இல்லன்னா அந்த வேலையே வேண்டாம்."

ஒரு சிராய்ப்புக்கு இவ்வளவு கோபமா என்று நினைத்தேன். கேட்கவில்லை.

திவ்யா வேலையை விடுவதாக இல்லை. "எவ்வளவு அலைஞ்சு கிடைச்ச வேலைப்பா இது" என்று அழுதாள். புதுக் கார் நமக்குக் கட்டுப்படியாகாது. ஆக, ஒரு நல்ல பழைய கார் கிடைத்தால் அவளுக்கு வேலை இருக்கும், கிடைக்காவிட்டால் இருக்காது. மோசமான கார் வந்து சேர்ந்தால் அதைவிட ஆபத்து. புலிவலம் தாண்டி ஆளில்லாத இடத்தில், இருட்டில், அது அவளைக் கைவிட்டால் என்ன செய்வாள்? அப்படி ஏதாவது ஆனால் எனக்கு யார் சொல்வார்கள்? அந்த நாட்களில் இந்த ஒரு பயத்தோடுதான் நான் எழுந்தேன், படுத்தேன்.

3

உங்கள் இரண்டு பேருக்கும் நம் முதல் வண்டி ஞாபகம் இருக்கிறதா? நம்முடையது என்று சொல்லக்கூடாது, காந்தி மார்க்கெட் வியாபாரி ஒருவருடையது. நான் அதன் டிரைவர். விடிவதற்கு முன் மார்க்கெட்டில் வெங்காயமும் முட்டைக்கோசும் ஏற்றிக்கொண்டு, காவிரிப் பாலம் ஏறி ஸ்ரீரங்கத்துக் கடைகளில் இறக்குவேன். பாலத்தின் நடுவே வரும்போது காற்று ஜிலுஜிலுவென்று கதவு வழியாக உள்ளே வரும். முன்னால் ராஜகோபுரம். வலது பக்கக் கண்ணாடியில் மலைக்கோட்டை, கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகிக்கொண்டே வரும். இங்கே என் பக்கக் கண்ணாடியில் தெரிவது ஒரு புல்கூட இல்லாத மொட்டை மலை.

ஞாயிற்றுக்கிழமை அந்த டெம்போவைக் கழுவி, உங்களை ஏற்றிக்கொண்டு முக்கொம்பு போவோம். அம்மா மடியில் நீ. இரண்டு சீட்டுக்கும் நடுவே இருக்கும் என்ஜின் பெட்டி மேல் சாக்கை மடித்துப் போட்டு திவ்யா. "அப்பா, சுடுது" என்பாள். "எந்திரிச்சு உங்கம்மா பக்கம் போ" என்றால் போகமாட்டாள். ரோடு தெரிகிற இடம் அதுதான். எவ்வளவு கழுவினாலும் வெங்காய வாசனை போகாது. ஸ்கூலில் அவளை "வெங்காய லோடு" என்று கூப்பிடுகிறார்கள் என்று அழுதுகொண்டு வந்தாள். மறுநாள் வேறு இரண்டு பெண்களைக் கூட்டிவந்து, "எங்க வண்டியில ஏத்திக்கிட்டு ஒரு ரவுண்டு போப்பா" என்றாள்.

அந்த வியாபாரி டெம்போவை விற்றபிறகுதான் நான் இங்கே வந்தேன். நீ அப்போது இரண்டாவது படித்துக்கொண்டிருந்தாய்.

அதன் பிறகு எத்தனையோ கார்களில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்றிலும் என் குடும்பம் உட்கார்ந்ததில்லை.

4

சரி, நீ கேட்ட பாயிண்ட்டுக்கு வருகிறேன்.

கார் பார்க்கப் போனதும் முதலில் பானெட் மேல் கையை வை. சூடாக இருந்தால், நீ வருவதற்கு முன்பே ஸ்டார்ட் பண்ணி ஓட்டியிருக்கிறார்கள். குளிர்ந்த என்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்று பார்ப்பதுதான் முக்கியம். "அப்புறம் வரேங்க" என்று சொல்லிவிட்டு, வண்டி ஆறினபின் போ. ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருகி எடுத்து அடிப்பக்கம் பார். பால் ஆடை மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் என்ஜின் ஆயிலில் தண்ணீர் கலக்கிறதோ என்று சந்தேகப்படு, ஒரு மெக்கானிக்கிடம் காட்டாமல் மேலே பேசாதே. பின்னால் வரும் புகை நீல நிறமாக இருந்தால் ஆயில் எரிகிறது.

சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பார். வெள்ளத்தில் நின்ற வண்டியை எவ்வளவு பாலிஷ் போட்டாலும், உள்ளே சுருண்டிருக்கும் பெல்ட்டை யாரும் சுத்தமாகக் கழுவுவதில்லை. சேற்றுக் கறை காட்டிக்கொடுத்துவிடும். ஸ்டெப்னி டயரைத் தூக்கி அதன் கீழேயும் பார், துருவும் வண்டலும் தங்குகிற இடம் அது. டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் ஏன் என்று கேள். ஓட்டிப் பார்க்கும்போது பாட்டை நிறுத்து, ஏசியை நிறுத்து, கூட வருபவர் வாயையும் நிறுத்து. புரோக்கர்கள் பேசிக்கொண்டே இருப்பது வண்டிச் சத்தம் நம் காதில் விழக்கூடாது என்றுதான்.

திவ்யா பார்த்த முதல் காரை ஒரு புரோக்கர் காட்டினார். "மேடம், ஒரு டாக்டரம்மா ஓட்டின வண்டி. வண்டி சும்மா பேசும்" என்றாராம். இவள் சீட் பெல்ட்டை இழுத்தாள், பாதிக்கு மேல் செம்மண் கலர்.

"டாக்டரம்மா படகு சர்வீஸும் பண்ணாங்களா?" என்று கேட்டிருக்கிறாள்.

அதைக் கேட்டு இங்கே யார்டில் தனியாகச் சிரித்தேன். ஆனால் அந்த வாரமும் போனது, அதற்கடுத்த வாரமும் போனது. அவள் பஸ்ஸில் போய் வந்தாள். இரண்டு பஸ் மாறி, வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதே தூங்கிப்போகிறாள் என்று அம்மா சொன்னாள்.

5

அப்போதுதான் சித்திரை வீதியில் வரதன் மாமாவின் கார் விலைக்கு இருப்பது தெரிந்தது. ரிட்டயர் ஆனவர். கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஓட்ட முடியவில்லை. அவர் மகன் ஸ்ரீதர் அமெரிக்காவில். விற்றுவிடச் சொன்னதும் அவன்தான்.

ஒரு ஞாயிறு மாலை நீங்கள் இரண்டு பேரும் போனீர்கள். எனக்கு அன்று டியூட்டி. நீ வீடியோ காலில் என்னைப் பிடித்திருந்தாய், திவ்யா காரைப் பார்த்தாள். மாமாவின் கையில் இன்னொரு போன், அதில் ஸ்ரீதர். காரைச் சுற்றி மூன்று பேர், போனுக்குள் இரண்டு பேர்.

"வண்டியிலே ஒரு கீறல் கிடையாது. கோவில், ஆஸ்பத்திரி, ஏர்போர்ட், இவ்வளவுதான் ஓடியிருக்கு. எல்லாம் பெருமாள் கிருபை" என்றார் மாமா.

நான் வாய் தவறி, "திவ்யா, முல்கியா எங்க இருக்குன்னு மாமாகிட்ட கேளு" என்றேன்.

"முல்கியாவா? அது யாரு?" என்றார் மாமா.

"ஆர்சி புக்கைக் கேக்கறார் மாமா. மஸ்கட்ல அதுக்கு அப்படிப் பேரு" என்று திவ்யா சொன்னாள். நீ போனை ஆட்டி ஆட்டிச் சிரித்தாய், எனக்குத் தலை சுற்றியது.

அந்த நேரம் நான் யார்டில், திரும்பி வந்த ஒரு காரின் டிரைவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அதைத் தொட்டுத் தொட்டுத்தான் உங்களுக்குச் சொன்னேன். "முன்னாடி இடது கதவைத் திற. அதை நல்லாப் பார்க்கணும். அந்தப் பக்கம்தான் நீ தினமும் உட்காரப்போற."

"நான் எதுக்குப்பா இந்தப் பக்கம் உட்காரப் போறேன்?" என்று முனகிக்கொண்டே அவள் திறந்தாள். எனக்கு அவள் சொன்னது மண்டையில் ஏறவில்லை. இத்தனை வருடமாக இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டி, டிரைவர் என்றாலே எனக்கு இடது கை பக்கம் என்று ஆகிவிட்டது.

கதவைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் காட்டச் சொன்னேன். அதன் தலையில் பெயிண்ட் உதிர்ந்திருந்தது. ஸ்பேனர் போட்ட அடையாளம். கண்ணாடியின் மூலையில் இருக்கும் எழுத்தைக் காட்டச் சொன்னேன். மற்ற மூன்று கதவுக் கண்ணாடிக்கும் இதற்கும் எழுத்து வேறு.

"நில்லு திவ்யா. இந்தக் கதவு அடிபட்டு மாத்தினது" என்றேன், சத்தமாக.

மாமாவின் போனிலிருந்து ஸ்ரீதர் குரல் வந்தது. "அப்பா, அவர் என்ன சொல்றார்? கதவை மாத்தினேளா? எப்போ? ஆக்சிடெண்ட்டா?"

நீ பிடித்திருந்த கோணத்தில் மாமாவின் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. மேல்துண்டை எடுத்து வியர்க்காத முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

திவ்யா அவரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். பிறகு மாமாவின் போன் பக்கம் குனிந்து சிரித்துக்கொண்டே சொன்னாள். "ஒண்ணுமில்லண்ணா. எங்கப்பா மஸ்கட்ல இருக்காரு. அங்க டிரைவர் சீட்டு இடது பக்கம். நம்ம ஊரு வண்டியைப் பார்த்தா அவருக்கு எல்லாமே மாறித்தான் தெரியும்."

ஸ்ரீதர் சிரித்துவிட்டான். "இங்கேயும் அப்படித்தாங்க. நான் லீவுக்கு வந்தா இண்டிகேட்டர்னு நெனச்சு வைப்பரைப் போட்டுடுவேன்."

எனக்குச் சுருக்கென்றது. சரியாகக் கண்டுபிடித்தவன் நான், என்னையே கேலி ஆளாக்கிவிட்டாள். வாயைத் திறந்தேன். நீ சட்டென்று போனைத் திருப்பிவிட்டாய். எனக்குக் கொஞ்ச நேரம் வானமும் கோபுரத்தின் ஒரு மூலையும்தான் தெரிந்தன.

ஸ்ரீதரின் கால் முடிந்ததும் வீட்டுக்குள்ளிருந்து மாமியின் குரல். "கதவைப் பத்தி முதல்லயே சொல்லிடுங்கோன்னு தலைபாடா அடிச்சுண்டேனா இல்லையா!"

மாமா காரில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார். "தெப்பக்குளத்தண்டை திரும்பறச்சே ஒரு லோடு ஆட்டோ வந்து உரசிடுத்து கொழந்தே. மாமி உக்காந்திருந்த பக்கம். அவளுக்கு ஒண்ணும் ஆகலை. கதவு நசுங்கிடுத்து, புதுசே போட்டுட்டேன். ஸ்ரீதர்கிட்ட சொன்னா அவன் அங்கே தூங்க மாட்டான். அப்போ சொல்லாததை இப்போ எப்படிச் சொல்றது?"

6

கதவு மாற்றிய வண்டியை வாங்கலாமா? கார்த்தி, இதுதான் நீ கவனிக்கவேண்டிய இடம்.

கதவு என்பது போல்ட்டில் மாட்டுகிற சாமான், மாற்றினால் தப்பில்லை. கதவு வந்து மூடுகிற தூண் இருக்கிறதே, அது வண்டியின் எலும்பு. அதை அறுத்து ஒட்டியிருந்தால் வாங்கவே கூடாது. இன்னொரு அடி பட்டால் உள்ளே இருப்பவரைத் தாங்காது. தூணை மூடியிருக்கும் ரப்பர் பீடிங்கைக் கையால் இழுத்தால் வந்துவிடும். உள்ளே தகரத்தில், மாவில் விரல் நுனியைப் பதித்த மாதிரி வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கவேண்டும். கம்பெனியில் வெல்டிங் வைத்த அடையாளம் அது. மழமழவென்று இருந்தால் பட்டி பார்த்து மூடியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

திவ்யா இழுத்துக் காட்டினாள். குழிகள் வரிசையாக இருந்தன. பிறகு நான் சொன்னபடி வலது பக்கமும் இழுத்தாள், இந்த முறை வலது என்றே சொன்னேன். மறுநாள் பாலக்கரையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் தூக்கி நிறுத்தி அடியிலும் பார்த்தாயிற்று. வண்டி சுத்தம்.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன் அவளைக் கூப்பிட்டேன்.

"கோவமாப்பா?" என்றாள். "அந்த மாமா முகத்தைப் பார்த்தீங்கல்ல. பையன் முன்னாடி எப்படிப்பா..."

"கோவமில்ல. நீ யோசிக்கவே இல்ல. டக்குன்னு சொல்லிட்ட. அதான் யோசனையா இருக்கு" என்றேன். "உனக்கு இது பழக்கம் போல இருக்கே."

"எதுப்பா?" என்றாள்.

"டிராக்டருக்கு ஒதுங்கி விழுந்தப்ப, முட்டியில சிராய்ப்புன்னு உங்கம்மா சொன்னாளே. அதுவும் இப்படித்தானா?"

"இடது தோள்பட்டை எலும்புல விரிசல்ப்பா. தோள் அசையாம இருக்க டாக்டர் குடுத்த பெல்ட் போட்டிருந்தேன்."

"வீடியோ கால்ல தினம் பார்த்தேனே."

"துப்பட்டாவைச் சுத்திக்கிட்டு உக்காந்தேன். வலது கைல போன் பிடிச்சுக்கிட்டேன்." பிறகு அவசரமாக, "நீங்க அங்க ஒண்டியா உக்காந்து என்னப்பா பண்ணுவீங்க? சாப்பிட மாட்டீங்க. அதுக்குத்தான் அம்மாவும் சொல்ல வேண்டாம்னுச்சு" என்றாள்.

திட்டலாம் என்றுதான் வாயெடுத்தேன். யார்டில் ஒரு நாளைக்கு எத்தனை வண்டியில் எத்தனை கீறலைக் கண்டுபிடிக்கிறேன். என் மகள் தோளில் கட்டோடு தினமும் என் எதிரே உட்கார்ந்து சிரித்திருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை.

"மாமாவோட கார் அடிபட்டதுதான். ஆனா எங்க அடிபட்டுச்சுன்னு தெரிஞ்சதால தைரியமா வாங்குறோம்" என்றேன். "இனிமே எனக்குத் தெரியணும் திவ்யா. நான் சாப்பிடாம கெடந்தாலும் பரவாயில்ல."

"சரிப்பா" என்றாள். எதற்கும் அவள் சொல்கிற சரிப்பாதான் அது. நம்பலாமா என்று அன்றைக்குத் தெரியவில்லை.

7

பேப்பர் விஷயம். ஆர்சி யார் பேரில் இருக்கிறது, பேங்க் லோன் பாக்கி இருக்கிறதா, அபராதம் ஏதாவது நிற்கிறதா, வண்டியில் அடித்திருக்கும் சேஸிஸ் நம்பரும் ஆர்சியில் இருப்பதும் ஒன்றா, எல்லாம் பார். இன்சூரன்ஸும் உன் பேருக்கு மாறவேண்டும், அதை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள்.

யாரும் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். ஆர்சியில் எந்தப் போன் நம்பர் கொடுத்திருக்கிறார்கள் என்று முன்பே கேட்டுக்கொள். மாமா எப்போதோ மகனுடைய நம்பரைக் கொடுத்து வைத்திருந்தார். பேர் மாற்ற உட்கார்ந்தால் ஓடிபி நேராக அமெரிக்காவுக்குப் போகிறது, அங்கே ஸ்ரீதர் தூங்குகிறான். மாமாவும் திவ்யாவும் போனை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். "என் கார் என்னோடதுன்னு சொல்ல, அவன் எழுந்துக்கணும் பார்த்தியா" என்று மாமா சிரித்திருக்கிறார்.

சாவியைக் கொடுக்கும்போது அவர் கேட்டது ஒன்றுதான். ஸ்ரீதர் லீவுக்கு வரும்போது ஏர்போர்ட்டுக்கு அவரையும் மாமியையும் திவ்யா இதே வண்டியில் கூட்டிப் போகவேண்டும். இவள் சம்மதித்துவிட்டாள். மலைக்கோட்டை அடிவாரத்துக் கோவிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றினதை நீ வீடியோவில் காட்டினாய். அம்மா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, மடியில் இருந்த பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அங்கே ஓர் இடம் காலியாக இருந்த மாதிரி இருந்தது. பின் சீட்டில் உட்காரவைத்தாலும் போதும், வந்திருப்பேன்.

8

போன வாரம் வேலை நேரத்தில் திவ்யாவின் போன். அந்த நேரத்தில் அவள் கூப்பிடுவதே இல்லை. பார்த்துக்கொண்டிருந்த வண்டியை அப்படியே விட்டுவிட்டு எடுத்தேன்.

"அப்பா, வண்டியை இடிச்சுட்டேன்" என்றாள். குரல் அழுகிற மாதிரி இருந்தது. "ஆஸ்பத்திரி காம்பவுண்டுல ரிவர்ஸ் எடுக்கறப்ப வேப்பமரத்துல. பின்னாடி பம்பர் நல்லாவே உள்ள போயிடுச்சு. எனக்கு ஒண்ணும் இல்ல. கழுத்தைத் திருப்பினா லேசா வலிக்குது, டாக்டர்கிட்ட காட்டிட்டேன். நாளைக்கும் வலிச்சா எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாரு."

"அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்லப்பா. உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்."

சாயங்காலம் மறுபடியும் அவளே கூப்பிட்டு, வலி குறைந்துவிட்டது என்றாள். இந்தத் தடவை நான் நம்பினேன்.

யார்டு வாசலில் இருக்கும் கடையில், எங்கள் ஷிப்டில் இருந்த எல்லோருக்கும் டீயும் சமோசாவும் வாங்கினேன். என்னோடு வேலை பார்க்கும் வங்காளதேசத்து ரஃபீக் டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, "என்ன விசேஷம்? மகளுக்குக் கல்யாணம் முடிவாயிடுச்சா?" என்று கேட்டார்.

"இல்ல பாய், என் மக காரை மரத்துல இடிச்சுட்டா" என்றேன்.